மதுரையில் சீன லாந்தர் திருவிழா போடுவது எப்படி: ஒரு சீரியல் செட் காரனின் குறிப்புகள்

நான் இருபது வருஷமாக சீரியல் செட் கட்டுகிறவன். முப்பதடிக்குச் சவுக்குக் கம்பு நட்டு, பல்பாலேயே மீனாட்சி கல்யாணத்தை வரைந்து, ஓடுகிற மாதிரி கண்ட்ரோலர் போட்டுவிட்டால் எங்கள் வேலை முடிந்தது. மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில் சீன லாந்தர் காட்சி போடுகிறோம், வாருங்கள் என்று கூப்பிட்டபோது, அதே வேலைதானே, கூடவே கொஞ்சம் துணி என்று நினைத்துத்தான் போனேன். முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டது, நாம் செய்வதற்கு நேர் எதிரான வேலை இது. சீரியல் செட்டில் பல்பு தெரிய வேண்டும், லாந்தரில் பல்பு தெரியவே கூடாது. துணி மட்டும்தான் ஒளிர வேண்டும், சுற்றி இருட்டு இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தை மறந்த இடத்தில் எல்லாம் எங்களுக்கு அடி விழுந்தது. அந்த அடிகளையும் சேர்த்தேதான் இதை எழுதுகிறேன்.

நமக்குத் தெரிந்த பொருளில் இதற்கு நெருங்கிய சொந்தம், கிறிஸ்துமஸுக்கு வாசலில் தொங்கவிடும் காகித ஸ்டார். இலங்கைக்காரர்களுக்கு வெசாக் கூடு என்றால் உடனே பிடிபடும். அந்த ஸ்டாரை யானை உயரத்துக்குப் பெரிதாக்கி, கம்பிச் சட்டம் கட்டி, சாட்டின் துணி ஒட்டி, உள்ளே எல்இடி போட்டால் அதுதான் லாந்தர். இந்த வேலைக்குப் பேர்போன ஊர் சிச்சுவான் மாகாணத்தில் இருக்கும் சிகாங். உப்புக் கிணறுக்கும் டைனோசர் எலும்புக்கும் பேர் வாங்கிய ஊர், விளக்குக்கென்றே ஒரு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். சிகாங் விளக்குத் திருவிழாவை 2008-ல் சீன அரசு தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. வெளிநாடுகளில் நீங்கள் பார்க்கும் பெரிய லாந்தர் காட்சிகளில் பலவற்றுக்குப் பின்னால் அந்த ஊர்க்காரர்கள்தான் இருப்பார்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நெருப்பு வைத்து வானத்தில் பறக்கவிடும் காகித விளக்கு வேறு, இது வேறு. ஸ்பான்சர் யாராவது திறப்பு விழாவுக்கு நூறு விளக்கு பறக்கவிடலாமே என்று கேட்பார். கூடாது என்று சொல்லிவிடுங்கள். எரிகிற விளக்கு யார் வீட்டு வைக்கோல் படப்பில் இறங்கும் என்று யாருக்கும் தெரியாது, போதாததற்கு அவனியாபுரம் பக்கம் விமானம் வேறு இறங்குகிறது.

தேதியும் இடமும்

லாந்தர் திருநாள் என்பது சீன வருஷத்தின் முதல் மாதத்துப் பௌர்ணமி, யுவான்சியாவ் என்பார்கள். புத்தாண்டுக் கொண்டாட்டம் அன்றோடு முடிகிறது. அன்றைக்கு அவர்கள் சாப்பிடுவது பசை மாதிரி ஒட்டும் ஒரு ரக அரிசியின் மாவு உருண்டை, உள்ளே எள்ளுப் பூரணம், கொதித்த தண்ணீரோடு கிண்ணத்தில் வரும், நம்ம பால் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி. அந்தப் பௌர்ணமி நம் கணக்கில் சில வருஷம் தைப்பூசத்தோடும் சில வருஷம் மாசி மகத்தோடும் ஒட்டி வரும். 2023-ல் பிப்ரவரி 5, அன்றே தைப்பூசம். 2024-ல் பிப்ரவரி 24, மாசி மகம். 2025-ல் பிப்ரவரி 12, தைப்பூசத்துக்கு மறுநாள். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், தைப் பௌர்ணமியில் வண்டியூர் தெப்பக்குளத்தில் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் தெப்பத்தில் வருகிற அன்று நீங்கள் மதுரையில் எதைத் திறந்தாலும் ஆள் வராது, பந்தோபஸ்துக்குப் போலீசும் கிடைக்காது. ஒரு வாரம் தள்ளித் திறங்கள்.

பருவத்தைப் பார்த்தாலும் தை பாதியிலிருந்து மாசி கடைசி வரைதான் சரி. ஐப்பசி, கார்த்திகையில் மழை. சித்திரையில் வெயிலும் திடீர்க் கோடை மழையும், அதோடு ஊரே அழகர் பின்னால் போய்விடும். ஆடிக் காற்றில் துணி கட்டுவது பற்றிப் பேசவே வேண்டாம். நமக்கு ஒரு வசதி உண்டு. பிலடெல்பியாவில் பிராங்க்ளின் சதுக்கத்தில் 2016-லிருந்து நடக்கும் லாந்தர் விழாவைக் கோடை காலத்தில் வைக்கிறார்கள், அங்கே இருட்டுவதற்கு எட்டரை மணிக்கு மேல் ஆகும். மதுரையில் எந்த மாதமானாலும் ஏழு மணிக்கு இருட்டு.

இருட்டு என்று வாய் சொல்கிறதே தவிர, ஊருக்குள் இருட்டான மைதானம் கிடைப்பது லேசில்லை. எல்லாருக்கும் முதலில் தோன்றுவது தமுக்கம்தான். பஸ் வசதி, சித்திரைப் பொருட்காட்சிக்குப் போய்ப் பழகிய கால்கள், எல்லாம் சரி. ஆனால் மாநாட்டு அரங்கம் வந்த பிறகு திறந்தவெளி குறைந்துவிட்டது, சுற்றிலும் சாலை விளக்கு. என்னைக் கேட்டால் ஊரை விட்டுப் பத்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, அழகர்கோவில் சாலையிலோ திருமங்கலம் பக்கமோ ஒரு கல்லூரி மைதானம், இல்லை மரங்கள் நிற்கும் தோப்பு. பக்கத்தில் கண்மாய்த் தண்ணீர் இருந்தால் விடாதீர்கள், கரையில் வைத்த ஒரு டிராகன் தண்ணீரில் இரண்டாகத் தெரியும், காசு ஒன்றுக்குத்தான். இடம் பார்க்கப் பகலில் போகாதீர்கள். ராத்திரி எட்டு மணிக்குப் போய், மைதானத்தின் நடுவில் நின்று, கையில் இருக்கும் பேப்பரைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். படிக்க முடிந்தால் அந்த இடம் வேண்டாம், இல்லை அங்கே இருக்கும் ஹைமாஸ் விளக்கை அணைத்துத் தருவதாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு வாயால் சொன்னார்கள். திறந்த அன்று அது எரிந்தது, ஸ்விட்ச் இருக்கும் பெட்டியின் சாவி யாரிடம் என்று தேடவே மூன்று நாள் ஆனது.

அனுமதி விஷயம் சுருக்கமாக: மைதானத்துக்காரர் கடிதம், காவல்துறை, மாநகராட்சி அல்லது ஊராட்சி, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு. சீனாவிலிருந்து ஆட்கள் வந்தால் சரியான விசா வேண்டும், அவர்களைத் தங்கவைக்கும் லாட்ஜோ வீடோ 24 மணி நேரத்துக்குள் அவர்கள் வந்து தங்கிய விவரத்தைப் பதிய வேண்டும், முன்பு சி படிவம் என்றது இதைத்தான். வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், கடைசியில் போலீஸ் வந்து கேட்டால் மனுஷன் பயந்துவிடுவார். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது மைக்செட்காரருக்குத் தெரியும், ஸ்பான்சருக்குத் தெரியாது.

எதை அங்கிருந்து, எதை இங்கிருந்து

பிப்ரவரியில் திறக்க வேண்டும் என்றால் முந்தின ஆகஸ்டிலேயே வரைபடம் முடிவாகி இருக்க வேண்டும். சீனப் புத்தாண்டுக்கு முந்தைய மாதங்கள்தான் சிகாங் பட்டறைகளுக்குச் சீசன், அவர்கள் ஊருக்கே ஓயாத வேலை. புத்தாண்டு வந்துவிட்டால் ஆளெல்லாம் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள், போனை எடுக்க ஆள் இருக்காது. சிகாங் கடலுக்கு எங்கோ உள்ளே இருக்கிறது, சரக்கு துறைமுகத்துக்கு வந்து, கப்பல் ஏறி, வழியில் கப்பல் மாறி, தூத்துக்குடியில் இறங்க வேண்டும். தூத்துக்குடியிலிருந்து மதுரைக்கு நாலுவழிச் சாலையில் மூன்று மணி நேரம்தான், ஆனால் அதற்கு முன்னால் சுங்கத்தில் எத்தனை நாள் என்பதை உங்கள் ஏஜெண்டின் சாமர்த்தியத்துக்கு விடுகிறேன்.

வரையும்போதே கண்டெய்னரை நினைவில் வையுங்கள். நாற்பது அடி ஹைகியூப், அதாவது உயரம் கூடிய ரகக் கண்டெய்னரின் கதவு சுமார் 2.58 மீட்டர் உயரம், 2.34 மீட்டர் அகலம். எந்தத் துண்டும் 2.5-க்கு 2.2-க்குள் அடங்க வேண்டும். லாந்தர் என்பது பாதிக்கு மேல் காற்றுதான், ஒரு வயிறு பெருத்த யானையை முழுசாக அனுப்பினால் நீங்கள் கப்பல் கூலி கொடுப்பது காற்றுக்கு. அதனால் முகம், கை, டிராகன் தலை போன்ற கைவேலை நுணுக்கமான துண்டுகளை மட்டும் அங்கிருந்து கம்பிக்கூடாக வரவழைத்து, உடம்பு, மேகம், மலை, தாமரை இலை போன்றவற்றை இங்கே வெல்டிங் பண்ணுவதுதான் கட்டுபடி. ஒவ்வொரு துண்டிலும் எண் போட்டுத் தகரத் துண்டைக் கட்டச் சொல்லுங்கள், பெயிண்டில் எழுதினால் வரும்போது அழிந்திருக்கும்.

மின்சாமான்களை இங்கேயே வாங்குங்கள். எல்இடி பல்பு, டிரைவர் (எல்இடிக்கு ஏற்றபடி கரண்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டி), அலங்கார விளக்குச் சரம் இவற்றுக்கெல்லாம் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு கட்டாயம், பதிவில்லாத சரக்கு பெட்டியோடு துறைமுகத்தில் உட்கார்ந்துவிட்டால் கூட வந்த கம்பிச் சட்டங்களும் சேர்ந்து உட்காரும். மின்னழுத்தம் பெரிய தொல்லையில்லை, அங்கே 220 வோல்ட், இங்கே 230, இரண்டும் 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவுக்குக் கொண்டுபோகிறவர்களுக்குத்தான் அந்தத் தலைவலி. காட்சி முடிந்து திரும்பப் போகிற பொருட்களை ஏடிஏ கார்னே என்ற தற்காலிக இறக்குமதி ஆவணத்தில் கொண்டுவரலாம், வரி கட்ட வேண்டாம். ஆனால் பசை, பெயிண்ட் மாதிரி செலவாகிப்போகும் சாமான்கள் அதில் வராது, பட்டியலில் இருக்கும் பொருள் எண்ணிக்கை குறையாமல் திரும்பப் போகவும் வேண்டும். மரப்பெட்டியில் கட்டினால் பூச்சி நீக்கிய முத்திரை இருக்கிறதா என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள்.

என்ன உருவம்? பட்டுச் சாலை, பன்னிரண்டு ராசி மிருகங்கள், மீன், பாண்டா எல்லாம் அவர்கள் கையில் வரட்டும், நாம் அதில் மூக்கை நுழைக்க வேண்டாம். மதுரைக்கென்று சேர்க்க யாளி இருக்கிறது, ஜல்லிக்கட்டுக் காளை இருக்கிறது, ஆயிரங்கால் மண்டபத் தூண் வரிசை இருக்கிறது. சாமி உருவம் மட்டும் வேண்டாம். பக்திக் குறைவால் சொல்லவில்லை. நம் ஜனம் சாமியைக் கண்டால் செருப்பைக் கழற்றும், கும்பிடும், யாராவது ஒரு பாட்டி மடியிலிருந்து கற்பூரத்தை எடுத்து ஏற்றிவிடும், எதிரில் இருப்பது பசை ஒட்டிய துணி. சீனப் பக்கம் கவனிக்க வேண்டியது, வெறும் வெள்ளை லாந்தர் அவர்களுக்குத் துக்க வீட்டு அடையாளம். நுழைவாயிலில் வெள்ளை உருண்டை வரிசையாகக் கட்டலாம், நிலா மாதிரி இருக்கும் என்று நம்ம டிசைனர் ஒருவர் சொன்னபோது வந்திருந்த மேஸ்திரி முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

சட்டம், துணி, பசை

சிகாங்காரர்கள் வேலை செய்யும் வரிசை இது: முதலில் படம், அப்புறம் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் நிஜ அளவுக்கு வரைவது, கோட்டின் மேல் கம்பியை வளைத்து வைத்து வெல்டிங், அதன்பின் உள்ளே விளக்கு, பிறகு துணி, கடைசியில் ஸ்பிரே பெயிண்டில் நிழலும் கோடும். விளக்கு துணிக்கு முந்தி வரும் என்பதைக் கவனியுங்கள். துணி ஒட்டிய பிறகு கையை உள்ளே விட இடமிருக்காது, அதனால் ஒவ்வொரு உருவத்திலும் பின்பக்கம் ஒரு கதவு விட வேண்டும்.

வெளிக்கோட்டுக்கு எட்டாம் நம்பர் கம்பி போதும், அது சுமார் 4 மில்லிமீட்டர். முதுகெலும்புக்கு ஆங்கிள் அல்லது சதுரக் குழாய். முகத்துக்கு மட்டும் விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிறவர்கள் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வெல்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் காளைக்கு மூக்கு எங்கே ஏறி எங்கே இறங்கும் என்று அவர்களுக்குத்தான் கண் தெரியும்.

துணிதான் எங்களைப் படுத்தியது. அங்கே சாட்டினைச் சூட்டுப் பசைத் துப்பாக்கியால் கம்பியில் ஒட்டி, ஓரத்தைக் கத்தரித்துவிடுவார்கள், கண்ணுக்குத் தையல் தெரியாது, பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கும். நாங்களும் அப்படியே ஒட்டினோம். மாசி பாதி வரை நன்றாக இருந்தது. வெயில் ஏறியதும், மத்தியானம் ஒரு மணிக்குக் கம்பியைத் தொட்டால் கை பொசுங்குகிற சூட்டில் பசை இளகிவிட்டது. சாயங்காலம் போய்ப் பார்த்தால் மயிலுக்கு ஒரு பக்கம் இறக்கை உரிந்து தொங்குகிறது. மறுபடி ஒட்டினோம், மறுநாளும் உரிந்தது. கடைசியில் வழி காட்டியது புது மண்டபத்துத் தையல்காரர்கள், இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறார்கள். தேருக்குத் தொம்பையும், அழகருக்கு வேஷம் கட்டுகிறவர்களுக்கு உடுப்பும் தைக்கிற கைகள். ஒரு பெரியவர் வந்து பார்த்துவிட்டு, ஏன்ப்பா ஒட்டுறீங்க, தச்சுக் கம்பியில மாட்டிவிட வேண்டியதுதானே என்றார். வெயில் படும் மேற்குப் பக்கத் துணிகளை எல்லாம் ஓரத்தில் குழல் மாதிரி மடித்துத் தைத்து, அதில் மெல்லிய கம்பியைக் கோத்து, சட்டத்தோடு கட்டுக்கம்பியால் முடிந்தோம். பளிங்கு நயம் கொஞ்சம் போனது உண்மை. ஆனால் அப்புறம் ஒன்றும் உரியவில்லை. இன்றைக்குச் செய்தால் கண் மட்டத்தில் இருக்கும் முகப்புக்கு மட்டும் அதிக சூடு தாங்கும் பசை, மற்ற எல்லாம் தையல் என்று ஆரம்பத்திலேயே பிரித்துவிடுவேன்.

சுங்குடியில் ஒரு லாந்தர் செய்து பார்த்தோம், மதுரைக் காட்சியில் சுங்குடி இல்லாமலா என்று எனக்கே ஆசை. முதல் ராத்திரி அந்தப் புள்ளிகள் ஒளிர்ந்த அழகு சொல்லி முடியாது. விடிகாலைப் பனியில் பருத்தி நனைந்து தொய்ந்து, சாயம் கீழே இறங்கிவிட்டது. கூரைக்குக் கீழே தொங்குவதற்கு மட்டும் சுங்குடி, வெளியே பாலியெஸ்டர் சாட்டின், அதுவும் தீ எளிதில் பிடிக்காத ரகம். வாங்கும்போது ஒரு துண்டை வெட்டி லைட்டரால் கொளுத்திப் பாருங்கள், நெருப்பை எடுத்ததும் அணைய வேண்டும். சான்றிதழைக் காட்டினாலும் கொளுத்திப் பாருங்கள்.

துணி மட்டும்தான் என்றும் இல்லை. சிகாங்கில் பீங்கான் தட்டு, கிண்ணம், கரண்டியை ஆயிரக்கணக்கில் நூலால் கட்டி டிராகன் செய்வார்கள், சின்ன மருந்துக் குப்பிகளில் கலர்த் தண்ணீர் நிரப்பி மயில் செய்வார்கள். நாங்கள் பழைய சோடா பாட்டில்களைச் சேகரித்து, கலர்த் தண்ணீர் ஊற்றி ஒரு சின்ன மீன் செய்தோம். மொத்தக் காட்சியில் மிகக் குறைந்த செலவு அதற்குத்தான். அதிகம் பேர் நின்று பார்த்ததும் அதைத்தான். கண்ணாடியின் எடை மட்டும் கூடிக்கொண்டே போகும், சட்டத்தை இரண்டு மடங்கு கெட்டியாகப் போடுங்கள்.

விளக்கைக் குறைப்பது

சீரியல் செட் காரனுக்குக் கை குறுகுறுக்கும் இடம் இதுதான். இன்னும் பத்து பல்பு போட்டால் என்ன என்று தோன்றும். போடாதீர்கள். ஒரு பல்புக்கும் அடுத்த பல்புக்கும் எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம் பல்புக்கும் துணிக்கும் இருந்தால் வெளிச்சம் திட்டுத் திட்டாகத் தெரியாது. 20 சென்டிமீட்டருக்கு ஒன்று வைத்தால் துணியிலிருந்து 20 சென்டிமீட்டர் உள்ளே. மெல்லிய கால், கொம்பு போன்ற இடங்களில் அந்த இடைவெளி கிடைக்காது, அங்கே வாட்டைக் குறைத்து நெருக்கமாக வையுங்கள்.

கலர் எல்இடி அதிகம் வேண்டாம். நிறத்தைத் துணி கொடுக்கட்டும், உள்ளே வெள்ளைதான் அடிப்படை. சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சுத் துணிக்கு மஞ்சள் கலந்த வெள்ளை. நீலத்துக்கும் பச்சைக்கும் பளிச் வெள்ளை, ஏனென்றால் மஞ்சள் வெளிச்சத்தில் நீலம் குறைவு, நீலத் துணி அதை விழுங்கிக் கறுப்பாகக் காட்டும். ஒரே வாட்டில் மஞ்சள் துணி கண்ணைப் பறிக்கும், பக்கத்துச் சிவப்பு மங்கும். அதனால் பல்பு எண்ணிக்கையைத் துணி நிறத்தைப் பார்த்து மாற்ற வேண்டும். இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது, ராத்திரியில் ஒரு முழம் துணியைப் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். ஓடுகிற, மினுக்குகிற கண்ட்ரோலர் ஒன்றிரண்டு இடத்தில் போதும், டிராகன் மூச்சு, அருவி, அவ்வளவுதான்.

மின்சாரக் கணக்கு கஷ்டமில்லை. நடுத்தர உருவம் ஒன்றில் 3 வாட் பல்பு 150 என்றால் 450 வாட். அப்படி நாற்பது இருந்தால் 18 கிலோவாட், பாதை விளக்கு, டிக்கெட் கவுண்டர் எல்லாம் சேர்த்து 20 வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேஸில் சமமாகப் பிரித்தால் ஒரு பேஸுக்குச் சுமார் 29 ஆம்பியர். இதற்கு 40 கேவிஏ ஜெனரேட்டர் தாராளம். கடைகளுக்குத் தனி லைன், தனி ஜெனரேட்டர், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். எண்ணெய்ச் சட்டிக்காரர் ஒருவர் இண்டக்ஷன் அடுப்பைச் சொருகியதில் எங்கள் பாண்டா குடும்பம் மொத்தமும் இருட்டில் போயிருக்கிறது.

12 வோல்ட் ஸ்ட்ரிப் பயன்படுத்தினால் டிரைவரை உருவத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 10 ஆம்பியரை இருபது மீட்டர் இழுத்தால், போக வர நாற்பது மீட்டருக்கு, கிட்டத்தட்ட 3 வோல்ட் வழியிலேயே போய்விடும், கடைசியில் 9 வோல்ட்தான் வரும், வால் மங்கும். 24 வோல்ட் எடுத்தால் அதே வாட்டுக்கு ஆம்பியர் பாதி, 24-ல் 1.5 வோல்ட்தான் இழப்பு, கண்ணுக்குத் தெரியாது.

பாதுகாப்பில் ஒன்றே ஒன்றைத் திட்டு வாங்கினாலும் பரவாயில்லை என்று செய்யுங்கள். ஒவ்வொரு உருவமும் இரும்பு, குழந்தை தொடும் உயரத்தில் இருக்கிறது, கீழே பனியில் நனைந்த புல். ஒவ்வொரு குழுவுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணைத்துவிடும் ஸ்விட்ச், பழைய ஆட்கள் இஎல்சிபி என்பார்கள்), ஒவ்வொரு சட்டத்துக்கும் எர்த் ஒயர், ஜாயிண்ட் எல்லாம் தண்ணீர் புகாத பெட்டிக்குள், பெட்டி தரையிலிருந்து ஒரு முழம் மேலே. ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது என்று ஷார்ட் பண்ணிவிடும் பழக்கம் நம் தொழிலில் உண்டு, நானே செய்திருக்கிறேன். இங்கே அப்படிச் செய்கிற ஆளை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புங்கள். இன்னொரு எதிரி எலி. ஒயரைப் பைப்புக்குள் விடுங்கள், தொழிலாளிகள் சாப்பிட்ட இலையை உருவத்துக்குப் பின்னால் போட விடாதீர்கள்.

காற்று

துணி ஒட்டிய லாந்தர் ஒரு பாய்மரம். 4 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலம் உள்ள ஒரு காளையை எடுத்துக்கொள்ளுங்கள், காற்றுக்கு எதிரே 12 சதுர மீட்டர். மணிக்கு 54 கிலோமீட்டர் காற்றில், அதாவது விநாடிக்கு 15 மீட்டர், ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 14 கிலோ அழுத்தம், மொத்தம் 165 கிலோ தள்ளும். அந்தத் தள்ளல் நடு உயரத்தில், 2 மீட்டரில் விழுகிறது. அடிப்பலகை 2 மீட்டர் அகலம் என்றால் கவிழாமல் நிற்க 330 கிலோ வேண்டும், ஒன்றரை மடங்கு பத்திரத்துக்கு 500. உருவம் 100 கிலோ இருந்தால் மீதி 400-க்கு எட்டு மணல் மூட்டை. காற்று 90 கிலோமீட்டரைத் தொட்டால் இதே கணக்கு மூன்று மடங்காகும். கட்டட விதிப்படி மதுரைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். அதற்குத் துணி லாந்தர் நிற்காது, நிற்கவைக்கப் பார்க்கவும் வேண்டாம். 50 கிலோமீட்டர் வந்தால் கூட்டத்தை வெளியேற்றி மின்சாரத்தை நிறுத்துவது என்று முன்பே எழுதி, யார் முடிவெடுப்பது என்று ஒரு ஆளின் பெயரையும் போட்டுவையுங்கள். உருவத்தை இழுத்துப் பிடிக்க ஸ்டே கம்பி கட்டினால் ஆள் தலை உயரம் வரை வெள்ளைத் துணி சுற்றுங்கள், இல்லாவிட்டால் இருட்டில் கம்பி யார் கண்ணிலும் படாது. கணக்கை ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டிக் கையெழுத்தும் வாங்குங்கள், காவல்துறையும் அதைக் கேட்பார்கள்.

கூட்டம்

பாதை ஒருவழி, நாலு மீட்டர் அகலம். ஒரு உருவத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே பத்துப் பதினைந்து அடி சும்மா இருட்டாக விடுங்கள், தரையோரம் சின்ன விளக்கு மட்டும். ஸ்பான்சருக்கு அந்த இடம் வீணாகத் தெரியும், அங்கே ஒரு பேனர் வைக்கலாமே என்பார். அந்த இருட்டில் நடந்து வந்து திரும்பும்போதுதான் ஜனம் "ஏ, அங்க பாரு" என்கிறது. உருவத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளிக் கயிறு. இருந்தாலும் தொடுவார்கள், அதனால் தொடுவதற்கென்றே வாசலில் ஒரு மீன் வைத்துவிடுங்கள், நாங்கள் அப்படிச் செய்த பிறகு உள்ளே ஓட்டை விழுவது பாதியாகக் குறைந்தது.

கடைகள் எல்லாம் கடைசியில், காட்சிக்கு முதுகு காட்டி. பஜ்ஜிக் கடையின் ஒரு வெள்ளை ட்யூப் லைட் ஐம்பது அடிக்கு அப்பால் இருக்கும் தாமரைக் குளத்தைக் கெடுத்துவிடும். வாடகை பேசும்போதே, பல்பு நாங்கள் தருவோம், அதைத்தான் போட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஜிகர்தண்டாக் கடைக்காரர் மட்டும் முனகினார், கலர் தெரியாதே என்று. அவருக்கு ஒரு சிவப்பு லாந்தரைத் தூக்கிக் கொடுத்ததும் சமாதானமாகிவிட்டார்.

செலவே இல்லாமல் கூட்டத்தை நிறுத்திவைக்க ஒரு வழி அவர்கள் ஊர் வழக்கத்திலேயே இருக்கிறது. சின்ன லாந்தர்களில் விடுகதை எழுதித் தொங்கவிடுவது அங்கே பழைய பழக்கம். நாங்கள் தமிழ் விடுகதைகளை எழுதி ஐம்பது லாந்தர் கட்டினோம், கிராமத்திலிருந்து வந்த அப்பத்தாக்கள் பேரப்பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாக விடை சொல்லிக்கொண்டே போனார்கள், அந்த இடத்தில்தான் வரிசை அடைத்தது. அதனால் அதற்குப் பாதையை ஆறு மீட்டர் ஆக்குங்கள்.

தினமும் நாலு மணிக்கு ஒரு ஆள் ஊசி நூலோடும், இன்னொரு ஆள் டெஸ்டரோடும் முழுசாக ஒரு சுற்று. ஆறு மணிக்கு மங்கும் வெளிச்சத்தில் எல்லாவற்றையும் எரியவிட்டு மறு சுற்று. எரியாத பல்பைக் குறித்துக்கொண்டு மறுநாள் காலையில் மாற்றுங்கள், கூட்டம் இருக்கும்போது ஏணி தூக்காதீர்கள்.

பிரிப்பது கட்டுவதை விடச் சீக்கிரம் முடியும், அதனாலேயே அதில்தான் பொருள் காணாமல் போகும். கடைசி நாள் ராத்திரியே மின்சாரத்தை எடுத்துவிட்டு, துணியை மறுநாள் பனி காய்ந்த பிறகு கழற்றுங்கள், ஈரத்தோடு மடித்தால் ஒரு மாதத்தில் பூஞ்சை. கார்னே பட்டியலை வைத்துத் தகர எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க, வெல்டிங் ஆட்களோடு சேராத ஒரு ஆளைப் போடுங்கள். எங்களுக்கு 214 துண்டுகளில் ஒன்று குறைந்தது. இரண்டு நாள் தேடினோம். பாண்டாக் குட்டி ஒன்றின் காது, வாட்ச்மேன் வீட்டு வாசலில், உள்ளே ஒரு ஜீரோ வாட் பல்போடு தொங்கிக்கொண்டிருந்தது. கட்டியிருந்த விதத்தைப் பார்த்தேன், பல்பு வெளியே தெரியவில்லை.